அந்தத் தாத்தா மட்டும் தனியாவா கட்டினாரு?

போன வருஷம் நவம்பர் கடைசியில அக்கா எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புச்சு. ஒரு பேப்பர் தட்டு. அதுல ஒரு குட்டிக் கையை வச்சு அவுட்லைன் வரைஞ்சு, நாலு விரலுக்கும் நாலு கலர் அடிச்சு, கட்டைவிரல்ல ஒரு கண்ணும் மூக்கும் போட்டிருந்துச்சு. கீழ அக்காவோட கேள்வி: "இது என்ன கோழிடா? பாப்பா ஸ்கூல்ல செஞ்சு கொண்டு வந்திருக்கா. எதுக்குன்னு கேட்டா தேங்க்ஸ் சொல்றதுக்குங்கிறா."

அது வான்கோழி. அமெரிக்காவுல தேங்க்ஸ்கிவிங் சமயத்துல எல்லா நர்சரி கிளாஸ்லயும் செய்ற கைவேலை. அக்கா இருக்கிறது கம்பம். பாப்பாவுக்கு நாலு வயசு, எல்கேஜி. அங்க இருக்கிற ஒரு சின்ன பிளே ஸ்கூல் டீச்சர், நவம்பர் மாசத்துக்கு என்ன ஆக்டிவிட்டி பண்றதுன்னு இணையத்துல தேடியிருக்காங்க. வான்கோழி வந்து விழுந்திருக்கு. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, தினமும் புதுசா ஏதாவது செய்யச் சொன்னா யாரா இருந்தாலும் டவுன்லோட்தான் பண்ணுவாங்க.

நாங்க சிரிச்சுட்டு விட்டுட்டோம். ஆனா ஜனவரியில பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பாப்பா இன்னொரு கேள்வி கேட்டா. அந்தக் கேள்வியாலதான் இந்த எபிசோட். அதுக்கு முன்னாடி, இந்த வான்கோழி எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

ஒரு விருந்து, ஒரு பத்திரிகை ஆசிரியர்

அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சொல்ற கதை ரொம்ப எளிமையானது. இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்த மக்கள் பசியில வாடினாங்க, அங்க இருந்த பூர்வகுடி மக்கள் சோளம் பயிரிடக் கத்துக் கொடுத்தாங்க, அறுவடை நல்லா வந்துச்சு, எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டாங்க. அவ்வளவுதான்.

1621-ல பிளிமத்ங்கிற இடத்துல அப்படி ஒரு விருந்து நடந்தது உண்மை. மூணு நாள் நடந்துச்சு. வாம்பனோக் இனத்தைச் சேர்ந்த சுமார் 90 பேர், தங்கள் தலைவர் மாசசோய்ட்டோட வந்தாங்க. அவங்க அஞ்சு மான்களைக் கொண்டு வந்தாங்கன்னு அங்க இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதின கடிதத்துல இருக்கு. பறவைகளை வேட்டையாடினதாவும் எழுதியிருக்கார். ஆனா வான்கோழின்னு குறிப்பிட்டுச் சொல்லல.

சோளம் பயிரிடக் கத்துக் கொடுத்தவர் பேரு டிஸ்குவாண்டம். 1614-ல ஒரு ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைக் கடத்திட்டுப் போய் ஸ்பெயின்ல வித்தான். அவர் எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1619-ல சொந்த ஊருக்குத் திரும்பினா, ஊர்ல ஒரு ஆள் உயிரோட இல்லை. கொள்ளைநோய் மொத்தமா கொண்டு போயிடுச்சு. அந்தக் காலி ஊர் மேலதான் பிளிமத் குடியேற்றமே எழுந்துச்சு. இதையெல்லாம் நாலு வயசுப் பிள்ளைகிட்டச் சொல்ல முடியாதுதான். ஆனா கதையில இருந்து எது வெட்டப்பட்டுச்சுன்னு பெரியவங்களாவது தெரிஞ்சு வச்சிருக்கணும்ல?

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. இந்த நாளைத் தேசிய விடுமுறை ஆக்கணும்னு பல வருஷம் விடாம தலையங்கம் எழுதி, ஜனாதிபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் கடிதம் போட்டவர் சாரா ஜோசஃபா ஹேல்ங்கிற பத்திரிகை ஆசிரியர். கடைசியில 1863-ல, உள்நாட்டுப் போர் உச்சத்துல இருக்கும்போது, ஆபிரகாம் லிங்கன் அறிவிச்சார். இந்த ஹேல் யாருன்னா, மேரிங்கிற சிறுமியும் பள்ளிக்கூடம் வரைக்கும் அவ பின்னாடியே வர ஆட்டுக்குட்டியும் இருக்கிற நர்சரிப் பாட்டை 1830-ல எழுதினவங்க. நம்ம ஊர் எல்கேஜி பிள்ளைங்க எல்லாரும் பாடுற பாட்டு. அதாவது வான்கோழி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஹேல் அம்மா நம்ம நர்சரிக்கு வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் 19-ம் நூற்றாண்டு முடிவுல இருந்து, ஐரோப்பாவுல இருந்து வந்து குவிஞ்ச குடியேறிகளோட பிள்ளைங்களை அமெரிக்கராக்க இந்தக் கதையைப் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கிட்டன. காகிதத் தொப்பி, காகித இறகுக் கிரீடம், சின்ன நாடகம். அதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு. 1970-ல வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ்ங்கிற வாம்பனோக் மனிதர் தலைமையில, பிளிமத்துல அந்த நாளைத் துக்க நாளா அனுசரிக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அது தொடருது. 2008-ல கலிபோர்னியாவுல கிளேர்மாண்ட்ங்கிற ஊர்ல, கிண்டர்கார்டன் பிள்ளைங்க தொப்பியும் இறகும் போட்டு விருந்து நடத்துற பல வருஷ வழக்கம் பெரிய சண்டை ஆச்சு. பூர்வகுடி வம்சாவளியைச் சேர்ந்த ஒரு அம்மா, "என் பிள்ளையோட முன்னோர்கள் உங்களுக்கு ஃபேன்ஸி டிரஸ்ஸா?"ங்கிற அர்த்தத்துல கேட்டாங்க. அந்த வருஷம் வேஷம் வேண்டாம்னு பள்ளி நிர்வாகம் முடிவெடுத்துச்சு. பெற்றோர்கள் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நின்னாங்க.

பாஸ்டன்ல இருந்து பெரியகுளம்

தேங்க்ஸ்கிவிங்குக்கும் தேனிக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சா, அதுவும் முழுசா சரியில்லை. பாஸ்டனைத் தலைமையிடமா வச்ச அமெரிக்கன் போர்டுங்கிற மிஷனரி அமைப்பு 1834-ல மதுரைக்கு வந்துச்சு. மதுரை அமெரிக்கன் கல்லூரி அவங்க வழியில வந்ததுதான். அவங்க பெரும்பாலும் காங்கிரிகேஷனல் திருச்சபைக்காரங்க. பிளிமத்துல இறங்கின அதே மக்களோட மத மரபு. அவங்க மிஷன் நிலையங்கள்ல ஒன்னு பெரியகுளத்துல இருந்துச்சு. கோடை வெயில் தாங்காம அவங்க மேல ஏறிப் போய் வீடு கட்டின இடம்தான் கொடைக்கானல்.

இன்னைக்கும் நம்ம பக்கத்து சிஎஸ்ஐ சர்ச்சுகள்ல அறுப்பின் பண்டிகை நடக்கும். பூசணிக்காய், வாழைத்தார், நெல்லு, சேவல்னு கொண்டு வந்து வைப்பாங்க. ஏலம் விடுவாங்க. ஒரு பூசணிக்காய் கடையில விக்கிற விலையை விடப் பல மடங்குக்குப் போகும். வாங்கினவர் அதையே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். அறுவடைக்கு நன்றி சொல்றதுங்கிறது எல்லா மண்ணுலயும் இருக்கு. நமக்கு அதுக்குப் பேரு பொங்கல். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல அந்தப் பொங்கலுக்குள்ள ஒரு ஆளோட பேரும் சேர்ந்துடுச்சு. பாப்பாவோட கேள்வி அங்கதான் வருது.

மீசை வச்ச தாத்தா

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் அந்த பிளே ஸ்கூல்ல விழா. பையன்களுக்குக் குட்டி வேட்டி, பொண்ணுங்களுக்குப் பட்டுப் பாவாடை. வாசல்ல மூணு செங்கல் வச்சுப் பானை. பிள்ளைங்களை நெருப்புகிட்ட விடாம ஆயாம்மா கயிறு கட்டி நிக்கிறாங்க. உள்ள கலரடிக்க ஒரு தாள்: பானை, கரும்பு, சூரியன். ஓரத்துல மீசை வச்ச ஒரு வெள்ளைக்காரர் முகம்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். அவர் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின தலைமைப் பொறியாளர். 1841 ஜனவரி 15 அன்னைக்குப் புனேயில பிறந்தவர். அவர் பிறந்தநாளும் பொங்கலும் ஒரே நாளாவோ ஒரு நாள் முன்னப் பின்னவோ வரும். அதனால பாலார்பட்டி மாதிரி ஊர்கள்ல அன்னைக்கு அவர் பேர்லயே பொங்கல் வைக்கிறாங்க. டீக்கடையில, கல்யாண ஃப்ளெக்ஸ்ல அவர் படம் இருக்கும். லோயர் கேம்ப்ல 2013 ஜனவரி 15 அன்னைக்கு மணிமண்டபம் திறந்தாங்க. தேனி புதுப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பேருதான். ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியருக்குப் பொங்கல் வைக்கிற இடம் வேற எங்க இருக்கு?

டீச்சர் பிள்ளைங்களுக்குச் சொன்ன கதை, நானும் சின்ன வயசுல கேட்டு வளர்ந்ததுதான். அணை கட்டும்போது வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. அரசாங்கம் இனி பணம் இல்லைன்னு சொல்லிடுச்சு. பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையெல்லாம் வித்து, மனைவி நகையை வித்து, அந்தக் காசுல அணையைக் கட்டி முடிச்சார்.

பாப்பா வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் காட்டிக் கேட்டா: "மாமா, அந்தத் தாத்தா மட்டும் தனியாவா கட்டினாரு?"

எனக்குப் பதில் வரல. நான் இன்ஜினியரிங் படிச்சவன். சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன ரிலீஸ் போறதுக்கே எத்தனை பேர் ராத்திரி உட்கார்றாங்கன்னு எனக்குத் தெரியும். கடைசியில மெயில்ல ஒருத்தர் பேருதான் வரும்னும் தெரியும். இருந்தும் இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

உண்மையில என்ன நடந்துச்சு

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடுற பெரியாற்றைக் கிழக்கே திருப்பி, மழை மறைவுல காஞ்சு கிடக்கிற வைகைப் பக்கம் கொண்டு வரணும்ங்கிற யோசனை பென்னிகுயிக்கோடது இல்லை. 18-ம் நூற்றாண்டு முடிவுலயே ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி ஆராய்ஞ்சார். செலவு தாங்காதுன்னு விட்டுட்டார். 1808-ல ஜேம்ஸ் கால்டுவெல்ங்கிற அதிகாரி போய்ப் பார்த்துட்டு, இது வெறும் கற்பனைங்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார். 1867-ல மேஜர் ரைவ்ஸ் மறுபடியும் ஒரு திட்டத்தோட வந்தார். அதுக்கப்புறம் 1876 முதல் 1878 வரைக்கும் பெரும் பஞ்சம். நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்க. மதுரைச் சீமை கொத்துக் கொத்தாச் செத்துச்சு. அந்தச் சாவுகள்தான் கோப்பை மறுபடி மேசைக்குக் கொண்டு வந்துச்சு. 1882-ல திட்டத்தைப் புதுசாத் தயாரிக்கிற வேலை பென்னிகுயிக்கிட்ட வந்துச்சு.

1886 அக்டோபர் 29 அன்னைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோட 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய். 1887-ல வேலை தொடங்குச்சு. 1895 அக்டோபர் 10 அன்னைக்குச் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வச்சார். அணை 176 அடி உயரம், 1,200 அடி நீளம். சிமென்ட் கிடையாது. கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கின்னா சுட்ட செங்கல்லை இடிச்ச பொடி. தேங்கின தண்ணியை மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் கொண்டு வந்தாங்க. சுரங்கம் ஒரு மைலுக்கும் கொஞ்சம் மேல.

ஆரம்ப காலத்துல வெள்ளம் வந்து கட்டினதை அடிச்சுட்டுப் போனது உண்மை. அதுவும் ஒரு தடவை இல்லை. காட்டு மலேரியா இன்னொரு பக்கம். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துல இருந்து மேல சாமான் போறதுக்குக் கம்பிவட ரோப்வே போட்டாங்க. சென்னை ராணுவத்தோட பயனியர் படைப்பிரிவுகள், தற்காலிகத் தடுப்புகள் கட்டக் கொச்சியில இருந்து வந்த போர்த்துகீசிய தச்சர்கள், சமவெளியில இருந்து கூலிக்கு ஏறிப் போன ஆயிரக்கணக்கான ஆம்பளைங்க, பொம்பளைங்க. இந்தக் காலத்துல நோயில மட்டும் செத்தவங்க அதிகாரபூர்வக் கணக்குப்படி 483 பேர். அணைக்கு வடக்குப் பக்கம் அவங்களைப் புதைச்ச இடுகாடு இருக்கு. 483 பேர். கம்பத்துல ஒரு நல்ல ஸ்கூல்ல படிக்கிற மொத்தப் பிள்ளைங்க அவ்வளவு இருப்பாங்க.

சொத்தை வித்த கதை? அணை சென்னை மாகாண அரசோட திட்டம், அரசு ஒப்புதல் கொடுத்து அரசு செலவழிச்ச பணம். வரலாற்றை ஆராய்ஞ்சவங்க, நகையை வித்த கதைக்கு ஆவண ஆதாரம் இல்லைன்னுதான் சொல்றாங்க. இதைச் சொன்னா ஊர்ல கோபப்படுவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாச்சியே கோபப்பட்டுச்சு. "தண்ணி குடுத்தவரைப் போய்க் குறை சொல்றியா"ன்னு கேட்டுச்சு. நான் குறை சொல்லல. வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவுல நின்னு அந்த வேலையை முடிச்சுக் கொடுத்தது சாதாரணமில்லை. அதுக்கே அவருக்கு நூறு பொங்கல் வைக்கலாம். அதுக்கு மேல நகை எதுக்கு?

எனக்குத் தோணுற பதில் இதுதான். நன்றி சொல்ல நமக்கு ஒரு முகம் வேணும். அரசாங்கத்துக்குப் பொங்கல் வைக்க முடியாது. 483 பேருக்கு முகம் இல்லை. அதனால ஒரு முகத்தைப் பிடிச்சு, எல்லாத் தியாகத்தையும் அவர் மேல ஏத்தி வச்சுட்டோம். அந்த இடுகாட்டுல இருக்கிறவங்க கொடுத்ததுதான் கதையில அவர் மனைவியோட நகையா மாறியிருக்குன்னு எனக்குப் படுது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் காட்டுக்குள்ள ஏற்கனவே மக்கள் இருந்தாங்க. மன்னான்கள், பளியர்கள். காடு நீர்த்தேக்கமாச்சு, அப்புறம் சரணாலயமாச்சு. அவங்களைக் குமுளி ஓரத்துல மன்னாக்குடி, பளியக்குடின்னு குடியமர்த்தினாங்க. தேக்கடியில படகு சவாரி போறப்ப தண்ணிக்கு மேல மொட்டை மரங்கள் நிக்குமே, அது அணை வந்ததால மூழ்கின காடு. பிளிமத் கதையில வெட்டப்பட்ட பக்கம் மாதிரிதான் இதுவும்.

நாலு வயசுக்கு எவ்வளவு சொல்லலாம்

ரெண்டு நாள் கழிச்சு அக்கா அந்த டீச்சர்கிட்டப் பேசுச்சு. நானும் போனேன். சண்டை போடப் போறேன்னு அக்கா பயந்துச்சு. டீச்சர் ஒன்னு கேட்டாங்க, அது நியாயமான கேள்வி: "சார், நாலு வயசுப் பிள்ளைகிட்ட இடுகாட்டைப் பத்திச் சொல்லவா?"

வேண்டாம். கதையைச் சுருக்கலாம், தப்பில்லை. ஆனா சுருக்கினதுக்கு அப்புறமும் அது உண்மையா இருக்கணும். "ஒருத்தர் கட்டினார்"ங்கிறது சுருக்கம் இல்லை, அது வேற கதை. "நிறைய பேர் சேர்ந்து கட்டினாங்க, பென்னிகுயிக் தாத்தா வழிகாட்டினார்"னு சொன்னா அதே நீளம்தான். நாலு வயசுக்கும் புரியும்.

லீவு முடிஞ்சு அவங்க ஒரு விளையாட்டு வச்சாங்க. நான் யோசிச்சது கொஞ்சம், மீதி முழுக்க அவங்களோடது. தரையில நீலத் துப்பட்டாவை விரிச்சா அது ஆறு. பிள்ளைங்க வரிசையா நின்னு ஆளுக்கு ஒரு கல்லை அடுத்தவங்க கைக்கு மாத்திக் கொடுக்கணும். கடைசிப் பிள்ளை அடுக்கணும். ஒரு தடவை டீச்சரே துப்பட்டாவை உதறிக் கல்லையெல்லாம் கலைச்சு விட்டாங்க. வெள்ளமாம். பிள்ளைங்க கத்தி, சிரிச்சு, மறுபடி அடுக்குச்சுங்க. அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டுச் சுரங்கம். அதுக்குள்ள கோலிகுண்டு உருண்டு வந்தா தண்ணி வந்துடுச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி. "இந்த அரிசி உன் தட்டுக்கு வர யாரெல்லாம் வேலை செஞ்சாங்க?" ஒருத்தன் "கடைக்காரர்"ன்னான். ஒருத்தி "எங்க அப்பத்தா நாத்து நட்டுச்சு"ன்னா. இன்னொரு பொண்ணு அரிசியைப் பத்திப் பேசவே இல்லை. "எங்கம்மா ஜீப்புல மலைக்குப் போகும்"னு மட்டும் சொன்னா. கம்பம்மெட்டு, குமுளி வழியா ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியுமுன்ன ஜீப்புல போற அம்மாக்கள் எங்க ஊர்ல நிறைய. டீச்சர் அதையும் போர்டுல எழுதினாங்க. அக்கா சொன்னதுல என் மனசுல நின்னது இதுதான். அந்தப் பொண்ணு தன் அம்மா பேரு போர்டுல இருக்கான்னு மூணு தடவை கேட்டுச்சாம்.

இது ஏன் முக்கியம்னு நினைக்கிறேன்னா, இப்பத் தமிழ்நாட்டுல நாலு வயசு வகுப்புங்கிறது வசதியானவங்க சமாச்சாரம் இல்லை. 2019 ஜனவரியில 2,381 அங்கன்வாடி மையங்கள்ல அரசே எல்கேஜி, யூகேஜி தொடங்குச்சு. அதுக்கு முன்னாடியே, 1975-ல இருந்து அங்கன்வாடி இருக்கு. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. அந்த வயல்ல இறங்குறவங்களோட பிள்ளைங்கதான் இந்த வகுப்புகள்ல உட்கார்ந்திருக்கு. அவங்களுக்கு நாம சொல்ற முதல் வரலாறு இந்தப் பொங்கல் கதைதான். அதுல நன்றி வாங்குற இடத்துல தன் வீட்டு ஆளும் இருக்காங்களா, இல்லை தான் எப்பவும் நன்றி சொல்ற இடத்துல மட்டும்தான் நிக்கணுமாங்கிறதை அந்தப் பிள்ளை அங்கதான் கத்துக்குது.

பாப்பா இன்னும் பென்னிகுயிக் தாத்தாவை வரையுறா. மீசைக்கு ஊதா கலர். இப்ப அவருக்குப் பக்கத்துல குச்சி குச்சியா நிறைய ஆளுங்களும் நிக்கிறாங்க. யாருன்னு கேட்டேன். "கல்லு குடுக்குறவங்க"ன்னா.

அடுத்த தடவை லோயர் கேம்ப் பக்கம் போனா மணிமண்டபத்துக்குப் போங்க, படம் எடுங்க. கூட வர்ற குட்டிகள்கிட்ட இவர்கூட இன்னும் ஆயிரக்கணக்கான பேர் இருந்தாங்கன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க. உங்க ஊர் ஸ்கூல்ல என்ன கதை சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.